கடன் ஒருவர் பேரில் என்றாலும் கிரயம் இருவர் பேரில்

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ வீட்டுக்கடன் போட்டு வீடு வாங்கினால், பத்திர எழுத்தரிடம் நகல் வாங்கி, 'எழுதி வாங்குபவர்' என்ற இடத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கிறதா என்று பதிவுக்கு முன்பே பாருங்கள். ஆளுக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நம் சட்டத்தில் கல்யாணம் ஆனதாலேயே சொத்தில் பாதி வந்துவிடாது. பிரமாணத்தில், அதாவது கிரயப் பத்திரத்தில், யார் பெயரோ அவருக்குத்தான் வீடு. கடன் தாளில் இணைக் கடன்தாரராக மட்டும் கையெழுத்துப் போட்டவருக்குப் பாரம் உண்டு, பங்கு இல்லை. இதுதான் பலருக்கும் தெரிவதில்லை. உயில் இல்லாமல் கணவர் இறந்தாலும் முழு வீடும் மனைவிக்கு வராது: இந்து என்றால் பிள்ளைகளோடும் மாமியாரோடும் சமபங்கு, கிறிஸ்தவர் என்றால், பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான்.

பின்னால் பெயர் சேர்க்க, பணம் வாங்காமல் பங்கை எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மென்ட் பத்திரம் எழுதலாம். ஆனால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம் (2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய்), பதிவுக் கட்டணம் தனி. கடன் தீராவிட்டால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

அப்பா கொடுத்த மனையில் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே செட்டில்மென்ட்தான் வழி. ஒருவருக்குத் தொழில் கடன் தொல்லை இருந்தாலும் யோசியுங்கள், அவர் பங்கு ஜப்திக்குப் போகலாம். கூட்டாகப் பெயர் போட்டால் வங்கி பெரும்பாலும் இருவரையும் கடனில் சேர்த்துக்கொள்ளும், அதற்கும் தயாராக இருங்கள்.