புத்தர் பிறந்தநாள்: கூட்டு வழிபாட்டையும் தானத்தையும் நடத்தும் முறை

புத்தர் பிறந்தநாளைக் கூடிக் கொண்டாட நினைப்போர் முதலில் தேதியை முடிவு செய்ய வேண்டும். இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் வழங்கும் தேரவாதப் பௌத்த மரபினர், பெரும்பாலும் மே மாதத்தில் வரும் வைசாக முழுநிலவன்று, லும்பினியில் நிகழ்ந்த பிறப்பையும் புத்தகயையில் பெற்ற ஞானத்தையும் பரிநிர்வாணம் எனப்படும் இறுதி மறைவையும் ஒருசேர நினைவுகூர்கிறார்கள். சீன மரபினர் தங்கள் சந்திர நாட்காட்டியின் நான்காம் மாதம் எட்டாம் நாளையும், ஜப்பானியர் ஏப்ரல் 8-ஆம் தேதியையும் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். பல மரபினர் சேர்ந்த குழுவுக்கு, 1999-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வைசாக முழுநிலவு நாளே பொருத்தமாக இருக்கும்.

தேதி முடிவானதும் தானத்தைத் திட்டமிடுங்கள். அலங்காரத்துக்குச் செலவிட்டு எஞ்சியதைத் தானத்துக்கு ஒதுக்குவது தலைகீழான முறை என்பது என் கருத்து. மணிமேகலைக் காப்பியத்தில், அள்ள அள்ளக் குறையாமல் உணவு தரும் அமுதசுரபி என்னும் பாத்திரம் கோமுகிப் பொய்கையிலிருந்து வெளிப்படுவது புத்தர் பிறந்த நாளில்தான். பசிதீர்ப்பதை இந்நாளின் தலையாய கடமையாகத் தமிழ்ப் பௌத்தம் கண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. முதியோர் இல்லமோ மருத்துவமனையோ எதுவாயினும், அங்குள்ளவர்களுக்கு எது தேவை என்று முன்கூட்டியே கேட்டறிந்து, அதையே கொடுங்கள். வாங்குவோர் முகத்தைப் படமெடுக்க வேண்டாம். கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுவதையும் தவிர்க்கலாம், ஏனெனில் அந்த விற்பனைக்காகவே அவை பிடிக்கப்படுகின்றன.

பிக்குகளை அழைப்பதாயின் நேரத்தில் கண்டிப்பு வேண்டும். விநயம் எனப்படும் துறவற விதிப்படி அவர்கள் நண்பகலுக்குப் பின் உணவு உண்பதில்லை என்பதால், வழிபாட்டைக் காலை ஒன்பது மணியளவில் தொடங்கி, பதினொரு மணிக்குள் உணவு பரிமாற ஆயத்தமாக இருங்கள். உணவை அவர்கள் முன் வைத்துவிட்டு விலகிவிடக் கூடாது. தட்டை இரு கைகளாலும் ஏந்தி, அவர்கள் பெற்றுக்கொள்ளும்படி நீட்ட வேண்டும், ஏனெனில் ஒருவர் முறைப்படி கொடுக்காததை அவர்கள் உண்ணலாகாது.

வழிபாடு எளிமையாகவே இருக்கட்டும். புத்தர் உருவின் முன் விளக்கேற்றி, மலரும் நறும்புகையும் படைத்து, ‘நமோ தஸ்ஸ’ என்று தொடங்கும் வணக்கத்தை மும்முறை சொல்லி, திரிசரணத்தையும் (புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மூன்றிடம் அடைக்கலம்) பஞ்சசீலத்தையும் (ஐந்து ஒழுக்க உறுதிகள்) ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வது வழக்கம். இம்மலர் வாடுவதுபோல் இவ்வுடலும் அழியும் என்பதே மலர் படைக்கும்போது ஓதும் பாடலின் கருத்தாதலால், அதைத் தமிழில் ஒருமுறை விளக்கிவிட்டால் புதியவர்களும் மனமொன்றிக் கலந்துகொள்வார்கள். இவற்றின் பாலி மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில், பொருளுடன் அச்சிட்டு முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். அதன்பின் எல்லா உயிர்களிடமும் அன்பு கொள்ளச் சொல்லும் ‘மெத்த சுத்த’ என்ற பாலிப் பாடலை ஓதி, கால் மணி நேரம் அமைதியாக அமர்ந்து அன்புத் தியானம் செய்யலாம். சிறுவர்கள் இருந்தால், கிழக்காசிய மரபைப் பின்பற்றி, குழந்தைப் புத்தரின் சிறு உருவுக்கு நறுநீர் ஊற்ற அவர்களை வரிசையாக வரச் செய்யுங்கள். விரும்புவோர் அன்றைக்கு மட்டும் எட்டுச் சீலங்களை (ஒழுக்க உறுதிகளை) ஏற்கலாம். அவர்களுக்கும் நண்பகலுக்குப் பின் உணவில்லை என்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

கொடுப்பதற்கு முன் மகிழ்ச்சியும், கொடுக்கையில் தெளிவும், கொடுத்தபின் நிறைவும் வேண்டும் என்கிறது பௌத்த மரபு. எனவே நன்கொடைக்கு எவரையும் வற்புறுத்தாமல், மூடிய பெட்டி ஒன்றை ஓரமாக வைத்துவிட்டு, வரவுசெலவுக் கணக்கை அந்த வாரத்துக்குள்ளேயே அனைவருக்கும் காட்டிவிடுங்கள்.