வாங்கின கையோட கியர் கரைச்சலா? கியர்பொக்ஸை இறக்க முதல் இதுகளைப் பாருங்கோ

கார் வாங்கி பதினொராம் நாள். வவுனியாவில இருந்து வந்துகொண்டிருக்கிறம், முறிகண்டியில நிப்பாட்டி தேங்காய் உடைச்சு கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறி டிரைவில போட்டா கார் அசையேல்லை. ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணி முடிய, ஆரோ பின்னால நிண்டு உதைச்ச மாதிரி டொக் எண்டு ஒரு இடி, அதுக்குப் பிறகு ஒண்டும் நடக்காத மாதிரி ஓடுது. அம்மா "நீ ஒழுங்காக் கும்பிடேல்லை" எண்டா. எனக்கு வயிறு கலங்கிப்போச்சு.

அடுத்தநாள் ஒரு கராஜில குடுத்தா அவர் ஒரு இருநூறு மீற்றர் ஓடிப்போட்டு "பொக்ஸ் போட்டுது தம்பி, இறக்கத்தான் வேணும்" எண்டார். ஒயிலும் பாக்கேல்லை, காரின்ர கொம்பியூட்டரில என்ன பிழை பதிஞ்சிருக்கு எண்டு ஸ்கேனும் போடேல்லை. நான் காரைத் திருப்பிக் கொண்டுவந்திட்டன். கடைசியில அது பொக்ஸே இல்லை, ஒயிலும் ஒரு மவுண்டும்தான் (மவுண்ட் எண்டா எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர்). அதால சொல்லுறன், 2020 மார்ச்சில இறக்குமதி நிண்டதில இருந்து 2025 பெப்ரவரியில திரும்பத் திறக்கும் வரைக்கும் ஒரே கார்தான் நாலைஞ்சு கை மாறி இஞ்ச வந்து சேந்திருக்கு, இடையில ஆர் என்ன ஒயிலை ஊத்தினான் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும், பொக்ஸை இறக்கிறது கடைசி வேலையா இருக்கவேணும்.

முதல் வேலை கொப்பியும் பேனையும். சிரிக்காதேங்கோ. காலமை குளிரில வருதா, நாப்பது கிலோமீற்றர் ஓடிச் சூடான பிறகு வருதா, டிரைவில போடேக்கையா றிவேர்சிலயா, எந்த வேகத்தில, ஏசி போட்டா கூடுதா, எல்லாத்தையும் ஒரு கிழமை எழுதுங்கோ. மெக்கானிக்கிட்டப் போற நேரம் கார் நல்ல பிள்ளை மாதிரி ஓடும், அதுக்காக ஆர்பிஎம் முள்ளு தெரியிற மாதிரி பக்கத்தில இருக்கிற ஆளைக்கொண்டு போனில வீடியோவும் எடுத்து வையுங்கோ. முள்ளு மேல ஏறுது, வேகம் ஏறேல்லை எண்டா அது வழுக்கிறது. வன்னியில ஏத்தத்துக்கு எங்க போறது எண்டு கேப்பியள், குளக்கட்டுக்கு ஏறுற சரிவு காணும், அதில மெதுவா ஏத்தினா வழுக்கலும் நடுக்கமும் தன்ர பாட்டில வெளியில வரும்.

பிறகு உங்கட காருக்குள்ள என்ன பொக்ஸ் இருக்கு எண்டு தெரிஞ்சுகொள்ளுங்கோ. ஓட்டோ எண்டா எல்லாம் ஒண்டு எண்டு நினைக்கிறம், இல்லை. ரொயோற்றா 121 கொரொல்லாவில இருக்கிறது பழைய நாலு கியர் ஓட்டோ, 141 அக்சியோவில வாறது சிவிடி, அதுக்குள்ள கியர் பல்லுக்குப் பதிலா ரெண்டு கப்பியும் ஒரு இரும்புப் பெல்ற்றும். ஹொண்டாவில மூண்டாம் தலைமுறை பிட் ஹைபிரிட்டும் முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டும் இது ரெண்டுமில்லை, ஏழு கியர் டிசிடி, உள்ளுக்கு ரெண்டு கிளட்ச், கொம்பியூட்டர்தான் மிதிக்கும். அதை சிவிடி எண்டு சொல்லிக்கொண்டு கைவைக்கிற ஆளிட்டக் குடுக்காதேங்கோ. ஏஜிஎஸ் எண்டு எழுதியிருந்தா அது மனுவல் பொக்ஸுக்கு மேல ஒரு மோட்டர் வைச்சது, அதின்ர கிளட்ச் சாதாரண கிளட்ச் மாதிரித் தேயும், அது கியர் மாத்தேக்க ஒரு ஆட்டு ஆட்டுறது அதின்ர சுபாவம், நோயில்லை.

இனி ஒயில். இதில அவசரப்படாதேங்கோ, முக்கால்வாசி விசயம் இதுக்குள்ளதான் கிடக்கு. ஒயில் அளவு பாக்கிற கம்பி இருக்கிற ஓட்டோ எண்டா ஒரு பத்துப் பதினைஞ்சு கிலோமீற்றர் ஓடிச் சூடாக்கிப்போட்டு மட்டமான இடத்தில நிப்பாட்டி, பிறேக்கை மிதிச்சபடி எல்லாக் கியருக்கும் ஒருக்காப் போய்வந்து பார்க்கிங்கில விட்டு, எஞ்சின் ஓடேக்கையே கம்பியை இழுத்துத் துடைச்சு திரும்ப விட்டுப் பாக்கிறது. ஹொண்டாவுக்கு மட்டும் இது மாறி, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு ஒண்டு ஒண்டரை நிமிசத்துக்குள்ள பாக்கவேணும். கன சிவிடிக்கு கம்பியே இல்லை, கீழால ஒரு பூட்டைக் கழட்டி குறிச்ச சூட்டில வழியுதா எண்டு பாக்கிறது, அதை வீட்டு முத்தத்தில ஜாக்கி வைச்சுச் செய்யாதேங்கோ, கார் சரிஞ்சு நிண்டா அளவும் பிழைக்கும் ஆளும் போயிடும்.

எடுத்த ஒயிலை ஒரு வெள்ளைக் கடதாசியில ஒரு சொட்டு விடுங்கோ. சிவப்பா துலக்கமா பரவினா நல்லம் (சில சிவிடி ஒயில் பச்சை, சிலது மஞ்சள், புதுசில என்ன நிறம் எண்டு கேட்டு வையுங்கோ). மண்ணிறம் எண்டா பழசு, மாத்தலாம். கறுப்பா, கருகின மணத்தோட இருந்தா உள்ளுக்குக் கிளட்ச் தட்டு எரிஞ்சிருக்கு. பாலூத்தின ரோஸ் நிறம் எண்டா தண்ணி போயிருக்கு, அந்தக் காரை அதுக்குப் பிறகு ஒரு அடியும் ஓடாதேங்கோ. ஒண்டில் ரேடியேற்றருக்குள்ள இருக்கிற ஒயில் கூலர் ஓட்டை, இல்லாட்டி வெள்ளத்தில நிண்ட கார். 2018 டிசம்பர் வெள்ளத்தில கிளிநொச்சி முல்லைத்தீவில எத்தினை வாகனம் தண்ணிக்குள்ள நிண்டது எண்டு நாங்கள் கண்ணால கண்டனாங்கள். சீற் பெல்ற்றை முழுக்க இழுத்துப் பாருங்கோ, அடியில சேத்துக்கறை இருந்தா கதை அதுதான். மாரியில முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு மேலால தண்ணி பாயேக்க விட்டு ஓட்டின காருக்கும் இதே கதிதான், அது உப்புத்தண்ணி வேற.

என்ர ஒயில் சிவப்பாத்தான் இருந்தது, ஆனா கம்பியில கீழ்க்கோட்டுக்கும் கீழ. வித்தவருக்கு எடுத்துக் கேட்டா, ஒருக்கா வழியில குறைஞ்சு கிடந்து ரோட்டுக்கரைக் கடையில "சிவப்பு ஒயில்" எண்டு வாங்கி ஊத்தினவராம். என்ன பேர் எண்டா தெரியாதாம். கியர்பொக்ஸைச் சாக்காட்டுறது இந்தச் சிவப்பு ஒயில் எண்ட சொல்லுத்தான். ஒவ்வொரு பொக்ஸுக்கும் ஒயிலுக்குத் தனிப் பேர் இருக்கு: ரொயோற்றா பழைய ஓட்டோவுக்கு டி-ஃபோர், பிந்தினதுக்கு டபிள்யூஎஸ், சிவிடிக்கு டிசி இல்லாட்டி எஃப்ஈ. ஹொண்டா புது சிவிடிக்கு எச்சிஎஃப்-2. நிசானுக்கு என்எஸ்-2, என்எஸ்-3. ஒண்டுக்கு ஒண்டு மாறி ஊத்தக்கூடாது. சிவிடிக்குள்ள சாதாரண ஏடிஎஃப் (கியர் ஓட்டோவுக்கு ஊத்துற ஒயில்) ஊத்தினா பெல்ற் வழுக்கி கப்பியைக் கீறிப்போடும், பிறகு நல்ல ஒயில் ஊத்தியும் பிரயோசனமில்லை.

மாத்தேக்க மெசினைப் பூட்டி முழுக்கக் கழுவுறம் எண்டு வருவினம், மைலேஜ் தெரியாத பழைய பொக்ஸுக்கு நான் அதை விடமாட்டன், கிடக்கிற ஊத்தை கிளம்பி வால்வுக்குள்ள அடைக்கும். கீழால இறக்கி இறக்கின அளவையே திரும்ப ஊத்துறதுதான் என்ர வழி. ஒருக்கா இறக்கினா மூண்டு நாலு லீற்றர்தான் வரும், மிச்சம் கொன்வேட்டருக்குள்ள (எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் நடுவில ஒயிலால சுத்திற பகுதி) நிக்கும், அதால ஒரு சில நூறு கிலோமீற்றர் ஓடிப்போட்டு திரும்ப ஒருக்கா. பொக்ஸுக்கு அடியில இருக்கிற ஒயில் தட்டைக் (பான்) கழட்டினா நீங்களும் பக்கத்தில நிண்டு அதுக்குள்ள இருக்கிற காந்தத்தைப் பாருங்கோ. சாம்பல் நிறத்தில பசை மாதிரி இருந்தா வழமை, விரலில குத்துற சீவல் இருந்தா காசை எண்ணத் தொடங்குங்கோ.

பொக்ஸின்ர பேரைக் கெடுக்கிற வேற சாமான்களும் இருக்கு. எஞ்சின் மவுண்ட் கிழிஞ்சா டிரைவில போடேக்க இடிக்கும், சிக்னல் லைற்றில நிக்கேக்க முழு டாஷ்போர்டும் நடுங்கும். பொனட்டைத் திறந்து வைச்சு, ஒராள் பிறேக்கை இறுக்கி மிதிச்சபடி டிரைவுக்கும் றிவேர்சுக்கும் மாத்த, நீங்கள் பக்கவாட்டில நிண்டு பாருங்கோ, முன்னுக்கு நிக்கவேண்டாம். எஞ்சின் துள்ளினா மவுண்ட்தான். பிளக், கொயில் பிழைச்சாலும் நாப்பது அம்பதில சிவிடி நடுக்கம் மாதிரியே வரும். வளைக்கேக்க டக்டக் எண்டா முன் சில்லைச் சுத்திற தண்டின்ர மூட்டு, சிவி ஜொயின்ற். பார்க்கிங்கில இருந்து கியர் கழராட்டி பின்னால பிறேக் லைற் எரியுதா எண்டு பாருங்கோ, எரியேல்லை எண்டா பிறேக் சுவிச், சின்னக் காசு.

ஸ்கேன் போடாமல் ஆரையும் கைவைக்க விடாதேங்கோ. ஸ்கேனில வாற பிழை இலக்கத்தைக் கோட் எண்டுறது. பி 0700 எண்டு மட்டும் வந்தா பொக்ஸ் போட்டுது எண்டு அர்த்தமில்லை, கியர் கொம்பியூட்டருக்குள்ள வேற கோட் கிடக்கு, போய்ப் பார் எண்டு மணி அடிக்குது அவ்வளவுதான். பி 0730 கியர் விகிதம் பொருந்தேல்லை, பி 0741 கொன்வேட்டர் கிளட்ச் பிடிக்கேல்லை. ஒரு கோட்டும் இல்லை, ஆனா உள்ளுக்கு ரெடினெஸ் ரெஸ்ற் (கார் தன்னைத்தானே சோதிக்கிறது) ஒண்டும் முடியேல்லை எண்டு காட்டினா, கிட்டடியில ஆரோ கோட்டை அழிச்சிருக்கினம், இல்லாட்டி பற்றரி கழட்டியிருக்கினம். விக்க முதல்நாள் ஏன் பற்றரி கழட்டினவர் எண்டு கேளுங்கோ.

மனுவல் எண்டா கதை சுருக்கம். மூண்டாம் கியரில போட்டு மெதுவா ஓடிக்கொண்டு அக்சிலேற்றரை அமத்துங்கோ, சத்தம் கூடி வேகம் கூடாட்டி கிளட்ச் தட்டு. ரெண்டாம் கியர் மட்டும் கறகற எண்டா சிங்குரோ, கியர் விழேக்க வேகத்தைப் பொருத்திற வளையம். எல்லாக் கியரும் இறுக்கம் எண்டா பொக்ஸுக்குப் போக முதல் கிளட்ச் கேபிளையோ கிளட்ச் ஒயிலையோ பாருங்கோ.

உண்மையாவே பொக்ஸ் போனா உள்ளுக்குத் திருத்துறதை விட ஜப்பான் பாவிச்ச பொக்ஸ் ஒண்டு பூட்டுறதுதான் இஞ்ச நடக்கிறது. கொழும்பில பாவிச்ச சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போக முதல் உங்கட கார்ச் செசி நம்பரையும் பொனட்டுக்குள்ள தகட்டில இருக்கிற பொக்ஸ் கோட்டையும் படம் எடுத்துக்கொண்டு போங்கோ, வெளித்தோற்றம் ஒண்டா இருந்தும் உள்ளுக்கு வேற வேற விகிதம் இருக்கு. எத்தினை நாள் வொறன்ரி எண்டதை பில்லில எழுதுவியுங்கோ, வாயால சொன்னது கொழும்பைத் தாண்டினா காத்து. பூட்ட முதல் ஒயில் கூலரையும் குழாயையும் கழுவச் சொல்லுங்கோ, பழைய பொக்ஸின்ர சீவல் அதுக்குள்ள கிடந்து புதுசையும் தின்னும்.

வழியில நிண்டிட்டா லாண்ட்மாஸ்டரில (ரெண்டு சில்லு உழவு மெசின்) கயிறு கட்டி இழுக்கிற பழக்கத்தை விடுங்கோ. ஓட்டோவை எஞ்சின் நிண்டபடி இழுத்தா ஒயில் பம்ப் சுத்தாது, காய்ஞ்சபடி உள்ளுக்குச் சுத்தி அரையும். முன் ரயர் ரெண்டும் நிலத்தில படாமல் தூக்கவேணும், நாலுவீல் எண்டா கரியரில முழுசா ஏத்துறதுதான்.

வித்தவரோட சண்டைக்குப் போக முதல் எழுதின கொப்பி, வீடியோ, ஸ்கேன் அறிக்கை மூண்டையும் கையில வையுங்கோ. கார் சேலில, அதாவது கார் விக்கிற கடையில, வாங்கினா பில்லோட நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுக்கலாம், வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கவேணும். தனி ஆளிட்ட வாங்கினா அந்த வழி இல்லை, இணக்கசபை இருக்கு, இல்லாட்டி நேர கதைக்கிறதுதான். நான் சத்தம் போடாமல் ஒயிலுக்கும் மவுண்டுக்கும் வந்த பில்லைப் படமெடுத்து அனுப்பினன், அவர் பாதிக் காசு போட்டுவிட்டார்.