இல்லாத கையின் வலிக்குக் கண்ணாடிப் பயிற்சி: வீட்டில் செய்யும் முறை

கை அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் கை இன்னும் தம்மிடம் இருப்பதாகவே உணர்கிறார்கள். சிலருக்கு விரல்கள் இறுக மடங்கி, நகம் உள்ளங்கையில் பதிவதுபோல் வலிக்கவும் செய்யும். இது மனப்பிரமை அன்று. உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையின் மேலடுக்கில் தனியிடம் உண்டு என்பதை, கனடாவின் மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் 1930களில், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டு வரைந்து காட்டினார். அந்த வரைபடத்தில் கைக்கு அண்டைவீடு முகம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவில் 1990களின் தொடக்கத்தில், கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் வருடியபோது, இல்லாத விரல்களிலும் தொடுவது தெரிவதாக அந்த நோயாளி சொன்னார். மூளையில் கைக்குரிய காலியான இடத்தை முகம் கைப்பற்றிக்கொண்டது என்றே நெடுங்காலம் விளக்கப்பட்டது. ஆனால் கையை அகற்றும் அறுவைக்கு முன்னும் பின்னும் மூவரின் மூளையைப் படம்பிடித்து 2025இல் வெளிவந்த ஆய்வில், கையின் வரைபடம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார், வெளியிலிருந்து சேதிதான் வருவதில்லை என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்தச் சேதியைக் கண் வழியாக அனுப்புவதுதான் ராமச்சந்திரன் வகுத்த கண்ணாடிப் பயிற்சி.

தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். அகற்றியபின் கையில் எஞ்சிய பகுதி சிவந்தோ சீழ் வைத்தோ இருந்தாலும், ஒரே இடத்தைத் தொட்டதும் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் வலித்தாலும், அது வேறு சிகிச்சை வேண்டும் வலி. கண்ணாடி அதற்கு உதவாது.

முழங்கை முதல் விரல்நுனி வரை தெரியும் அளவுக்கு ஒரு கண்ணாடி போதும், ஆனால் பிம்பம் நெளியக் கூடாது. ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். நெஞ்சின் நடுவுக்கு நேராக மேசைமேல் அதைச் செங்குத்தாக நிறுத்தி, பிம்பம் தெரியும் பக்கத்தை இருக்கும் கைக்கும், பின்பக்கத்தை இழந்த கைக்கும் விடுங்கள். மோதிரம், வளையல், கடிகாரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் "இது அந்தக் கை அல்லவே" என்று மூளை உடனே கண்டுபிடித்துவிடும். சற்றுச் சாய்ந்து, இல்லாத கை எங்கே இருப்பதாகத் தோன்றுகிறதோ அங்கே பிம்பம் வந்து பொருந்தும் வரை கண்ணாடியை நகர்த்துங்கள்.

அடுத்த படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இல்லாத கை மூடியிருப்பதாகத் தோன்றினால், இருக்கும் கையையும் முதலில் அதேபோல, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தால் அதையும் மடக்கி, மூடிக்கொள்ளுங்கள். பிம்பமும் உணர்வும் ஒன்றாகிவிட்டன என்று பட்டபின், இரண்டு கைகளுக்கும் ஒரே நேரத்தில் கட்டளையிட்டு, மூச்சை வெளியே விட்டபடி, விரல் விரலாகத் திறவுங்கள். கண் பிம்பத்தை விட்டு அகலக் கூடாது. பிறகு மணிக்கட்டைச் சுழற்றுவது, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடுவது என்று மெல்லக் கூட்டலாம். கால் இழந்தவர்கள் கட்டிலில் உட்கார்ந்து, நீளக் கண்ணாடியை இரு கால்களுக்கும் நடுவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் நடந்து 2007இல் வெளிவந்த சோதனையில், நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம் பயின்றார்கள். கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணி போர்த்திய கண்ணாடி முன் அதே அசைவுகளைச் செய்த ஆறு பேரில் ஒருவருக்கே குறைந்தது. சிறிய சோதனைதான், எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. கை சுருங்கி, தோளருகே விரல்கள் ஒட்டிக்கொண்டதுபோல் உணர்பவர்களுக்குப் பிம்பம் பொருந்தாததால் பலன் குறையலாம்.

முதல் நாட்களில் மூன்று நிமிடம் போதும். இழந்த கையைத் திடீரென்று கண்முன் கண்டதும் தலைசுற்றலோ அழுகையோ வருவதுண்டு. அப்போது கண்ணாடியை மூடிவிட்டு ஓய்வெடுங்கள், வீட்டில் ஒருவர் அருகில் இருப்பது நல்லது. மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தொடுதலையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வீட்டார் எஞ்சிய பகுதியில் பஞ்சு, துண்டு, பேனா மூடி என்று மாற்றி மாற்றித் தொட, எது, எங்கே பட்டது என்று நீங்கள் சொல்ல வேண்டும். வெறுமனே தடவிக்கொடுப்பது இதற்கு ஈடாகாது, வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில்தான் மூளைக்கு வேலை இருக்கிறது.

ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வலியைப் பூஜ்யம் முதல் 10 வரை மதிப்பிட்டு, விரல்கள் எந்த நிலையில் இருந்தன என்பதோடு ஒரு நோட்டில் குறியுங்கள். வலி கூடிக்கொண்டே போனால் உடனேயும், நான்கு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் அதன் பிறகும், அந்த நோட்டைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால், படத்தில் தெரிவது இடக்கையா வலக்கையா என்று அடையாளம் காணும் பயிற்சியிலிருந்து தொடங்கி, படிப்படியாகக் கண்ணாடிக்கு வரும்படி அவர் வரிசையை மாற்றித் தருவார்.