பிள்ளைகள் வேதம் வாசிக்க மறுத்தார்கள்: எங்கள் வீட்டில் அது சரியானது எப்படி

குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தைக் கையில் கொடுத்தால், மகன் நாலாவது வசனத்திலேயே திக்கி நின்றுவிடுவான். மகள் கொட்டாவி விடுவாள். ஆதியாகமத்திலிருந்து வரிசையாகத் தொடங்கினோம். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் (இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரம்) அளவுகள் வந்ததும் வாசிப்பு படுத்துவிட்டது. கைப்பேசியில் ஒலி வேதாகமம் போட்டோம், கைப்பேசிதான் ஜெயித்தது. மனப்பாடத்துக்கு மிட்டாய் என்றோம். 117-ஆம் சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டே வசனம், கெட்டிக்காரர்கள்!

பிடி கிடைத்தது ஒரு நிறுத்தக்குறியில். நம் பழைய மொழிபெயர்ப்பில் மேற்கோள் குறி கிடையாது. யார் பேசுகிறார்கள் என்றே பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. உற்றுப் பார்த்தால், பேச்சு பெரும்பாலும் முக்காற்புள்ளியில் (:) தொடங்கி ‘என்றார்’, ‘என்றார்கள்’ என்பதில் முடிகிறது.

மாற்குவுக்குத் தாவினோம். 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் சிறியது. 4-ஆம் அதிகாரத்தின் புயல் பகுதியில் பேச்சுகளைப் பென்சிலால் கோடிட்டேன். விவரிப்பு மனைவிக்கு, சீஷர்கள் மகளுக்கு, இயேசு மகனுக்கு. “இரையாதே, அமைதலாயிரு” என்று அவன் போட்ட அதட்டலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மறுநாள் பென்சிலை அவர்களே எடுத்து வந்தார்கள். அப்பாடா!

நீதிமொழிகளுக்கு இது உதவாது. அங்கே 31 அதிகாரம். அன்றைய தேதிக்குரியதைத் திறக்கிறோம்.