தொழிற்சாலையிலும் சப்ளையர்களிடமும் கட்டாய உழைப்பைக் கண்டறிந்து தடுப்பது எப்படி? புதிதாக இறங்குவோருக்கான செய்முறை

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2021-இல் உலகெங்கும் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தார்கள். அவர்களில் பலரைக் கட்டிப்போட்டிருப்பது கடன்தான்: வேலை வாங்கித் தருகிறேன் என்ற ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணம். அந்தக் கடன் அடையும்வரை, எவ்வளவு கொடுமை என்றாலும் வேலையை விட்டுப் போக முடியாது. ஆகவே உங்கள் தேடலும் கடனைத் தேடித்தான் போக வேண்டும்.

படி 1: வாசலுக்குள் இருப்பவர்களை எண்ணுங்கள்

பலரும் எடுத்த எடுப்பில் தொலைதூரச் சுரங்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். முதலில் சொந்தக் கூரையைப் பாருங்கள். ஏதாவது ஒரு நாளின் எல்லா ஷிஃப்டுக்குமான கேட் பதிவேட்டை எடுத்து, மனிதவளத் துறையின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் 420 பேர், கேட்டில் நுழைந்தவர்கள் 500 பேர் என்றால், அந்த 80 பேர் யார்? துப்புரவு, சுமை ஏற்றுதல், காவல், கேன்டீன், சீசனுக்கு வந்த பேக்கிங் ஆட்கள். ஆபத்து அதிகம் இருப்பது இவர்களிடம்தான். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: யார் அழைத்து வந்தது, யார் சம்பளம் தருவது, யார் தங்க இடம் தருவது? மூன்றுக்கும் ஒரே ஒப்பந்ததாரர் பெயர் வந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

படி 2: வேலைக்கு வர என்ன செலவானது என்று கேளுங்கள்

இந்த வேலையிலேயே முக்கியமான படி இது. அவசரப்படாதீர்கள்.

“ஏஜென்டுக்குக் கட்டணம் கட்டினீங்களா?” என்று நேரடியாகக் கேட்டால் “இல்லை” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்படிச் சொல்லச் சொல்லியே அனுப்பியிருப்பார்கள். பயணத்தை வரிசையாகக் கேளுங்கள்: “இந்த வேலை இருக்குன்னு யார் சொன்னாங்க? மெடிக்கல் எங்க எடுத்தீங்க, அதுக்கு யார் பணம் கொடுத்தது? பாஸ்போர்ட், விசா, டிக்கெட்? பயிற்சிக்குப் போனீங்களா? அந்தப் பணத்துக்கு என்ன பண்ணீங்க? இன்னும் எவ்வளவு பாக்கி?” கூட்டிப் பார்த்தால் சில மாதச் சம்பளமே வந்து நிற்கலாம். மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, திறன் தேர்வு, பயிற்சி, பயணம், நிர்வாகச் செலவு எல்லாமே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறையில் ஆளெடுப்புச் செலவுதான். தொழிலாளி தலையில் அது விழக் கூடாது.

பேச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். மேலாளர் அறையில் உட்கார வைப்பது, சூப்பர்வைசரையே மொழிபெயர்க்க வைப்பது, ஒரே ஒருவரை மட்டும் அழைப்பது. ஒருவரை அழைத்தால், யார் சொன்னது என்று அன்று மாலையே தெரிந்துவிடும். ஒரு பிரிவில் குறைந்தது எட்டுப் பத்துப் பேரிடமாவது, வெளியாள் மொழிபெயர்ப்பாளரோடு, முடிந்தால் வேலையிடத்துக்கு வெளியே பேசுங்கள்.

படி 3: சம்பளப் பதிவேட்டை வாசியுங்கள்

மூன்று மாதப் பதிவேட்டை வங்கிப் பட்டுவாடாப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல பேர் சம்பளம் ஒரே கணக்குக்குப் போகிறதா? “முன்பணம்” என்ற பிடித்தம் மாதாமாதம் ஒரே தொகையாக ஓடியும் பாக்கி குறையவில்லையா? வட்டி அதைத் தின்கிறது என்று அர்த்தம். வாரவிடுமுறை நாளில் இயந்திரம் ஓடியதாக உற்பத்திப் பதிவு சொல்ல, வருகைப் பதிவில் அன்று ஒருவரும் இல்லையென்றால் இரட்டைக் கணக்கு இருக்கிறது.

பிறகு விடுதிக்குப் போய் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். “பத்திரமா ஆபீஸ்ல வச்சிருக்கோம்” என்ற பதில் போதாது. ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு, சொந்தச் சாவி உள்ள பெட்டி கொடுங்கள்.

படி 4: சப்ளையர்களை வரிசைப்படுத்துங்கள்

எல்லோருக்கும் அறுபது பக்கக் கேள்வித்தாள் அனுப்புவது வீண். எல்லாக் கட்டத்திலும் “ஆம்” என்று டிக் அடித்துத் திரும்பி வரும். இடம்பெயர்ந்த தொழிலாளர்கள், ஏஜென்சி ஆட்கள், விடுதி, கைவேலை அதிகம் உள்ள பொருள், துணை ஒப்பந்தம் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று உள்ள சப்ளையர்களைப் பிரித்தெடுத்து, அவர்களிடம் நேரில் போய் 2, 3-ஆம் படிகளைச் செய்யுங்கள். பருத்தி, கனிமம் போன்ற மூலப்பொருளுக்கு, அது எங்கே விளைந்தது, எங்கே வெட்டியெடுத்தது என்பதுவரை ஆவணம் கேளுங்கள். கட்டாய உழைப்பில் உருவான பொருளை இறக்குமதி செய்ய அமெரிக்கா 1930-இன் சுங்கவரிச் சட்டத்திலேயே தடை விதித்திருக்கிறது. துறைமுகத்தில் சரக்கு நின்ற பிறகு காகிதம் தேடினால் காலம் போதாது.

படி 5: உங்கள் ஆர்டரையே கணக்குப் போடுங்கள்

இதைப் பலர் செய்வதே இல்லை. ஒரு உருப்படிக்கு 18 நிமிட உழைப்பு, ஆர்டர் 10,000 உருப்படி என்று வையுங்கள். மொத்தம் 3,000 மணி நேரம். சப்ளையரிடம் 40 பேர். வாரம் 48 மணி நேரம் என்றால் 1,920 மணி நேரம்தான் கிடைக்கும். ஒரே வாரத்தில் சரக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்டால், தலைக்கு 27 மணி நேரம் ஓவர்டைம். இல்லையேல் உங்களுக்குத் தெரியாமல் வேறொரு கூடத்துக்கு வேலை போகும். அந்தக் கூடத்தைத் தணிக்கைக்காரர் பார்க்கவே மாட்டார். விலைக்கும் இதே கணக்குதான்: 18 நிமிடத்துக்கான சட்டபூர்வக் கூலி உங்கள் விலைக்குள் அடங்குகிறதா? அடங்கவில்லை என்றால், சப்ளையரின் நடத்தை விதியில் நீங்கள் வாங்கிய கையெழுத்தால் பயனில்லை.

படி 6: கண்டுபிடித்தால்

உடனே ஒப்பந்தத்தை ரத்து செய்யாதீர்கள். நீங்கள் விலகினால் கடன் அப்படியே இருக்கும், வேலை போயிருக்கும், தொழிலாளி முன்பைவிட மோசமான இடத்துக்குப் போவார். முதலில் சம்பந்தப்பட்டவருக்கு ஆபத்து உண்டா, அவர் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள். அடைத்து வைத்தல், அடி, மிரட்டல் இருந்தால் முதலாளியிடம் பேசுவதற்கு முன்பே தொழிலாளர் நல அமைப்பையோ காவல்துறையையோ அணுக வேண்டும். மற்ற இடங்களில் தேதி போட்டுத் திட்டம் எழுதுங்கள்: ஆவணங்கள் அன்றே கைக்கு வர வேண்டும், நிலுவைச் சம்பளம் அடுத்த சம்பள நாளுக்குள், தொழிலாளி கட்டிய ஆளெடுப்புச் செலவு குறிப்பிட்ட தவணைகளில் திரும்பக் கிடைக்க வேண்டும். சப்ளையர் தாக்குப்பிடிக்க மாட்டார் என்றால் செலவில் பங்கெடுங்கள். அந்த உழைப்பின் பயன் உங்களுக்கும் வந்திருக்கிறது.

திருப்பித் தரும் பணம் தொழிலாளியின் சொந்த வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி தனியாகப் பேசுங்கள். சில இடங்களில் காலையில் கணக்கில் ஏறிய பணத்தை மாலையில் சூப்பர்வைசரோ ஏஜென்டின் ஆளோ ரொக்கமாகத் திரும்ப வாங்கிவிடுவார்கள். “பணம் வந்துச்சா?” என்பதோடு நிறுத்தாமல், “அந்தப் பணம் இப்ப எங்க இருக்கு?” என்றும் கேளுங்கள்.