பத்தாவது ஆளைச் சேர்க்கும் முன்: ஈ.எஸ்.ஐ. கணக்கு

கடையோ பட்டறையோ நடத்துபவர்கள், தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை முதலில் நினைவில் வைக்க வேண்டிய எண் பத்து. ஒன்பது பேர் வரை ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் கட்டாயம் பொதுவாக இல்லை. பத்தாவது ஆள் வேலைக்கு வந்ததும் அது சட்டக் கடமையாகிவிடுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த எண்ணை மாற்றவில்லை. ஆனால் மத்திய அரசு அறிவிக்கும் ஆபத்தான தொழில்களில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் கடமை உண்டு என்ற ஏற்பாட்டை அது சேர்த்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை, ஆட்களைச் சரியாக எண்ணுவது. பலரும் தடுமாறுவது இங்கேதான். சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களோடு நிற்காமல், தினக்கூலிக்காரர், தற்காலிக ஆட்கள், ஒப்பந்தக்காரர் அனுப்பும் காவலாளி, துப்புரவுப் பணியாளர் ஆகியோரையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேலாளருக்குத் திட்டத்தின் பலன் கிடைக்காது. என்றாலும் தலை எண்ணும்போது அவரும் ஒரு தலைதான். கூட்டு வணிகத்தின் பங்குதாரர் சம்பளம் என்ற பெயரில் பணம் எடுத்தாலும் அவர் பணியாளர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1980களிலேயே தீர்ப்பளித்துள்ளது. தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பயில்பவர்களும் கணக்கில் வரமாட்டார்கள்.

ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றோ, மனைவி பெயரில் இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கி ஆட்களை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்றோ யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நிர்வாகம், இடம், கணக்கு, வேலை ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் இரண்டையும் ஒரே நிறுவனமாகக் கருத முடியும் என்பதால், அந்த யோசனை பெரும்பாலும் பழைய பாக்கியில்தான் கொண்டுபோய் விடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒருமுறை திட்டத்துக்குள் வந்த நிறுவனம், பிறகு ஆட்கள் ஏழாகவோ ஐந்தாகவோ குறைந்தாலும் வெளியேற முடியாது. தீபாவளிக் கூட்டத்துக்காக இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்க்கும் ஜவுளிக்கடைக்காரர் இதைத் தெரிந்துகொண்டு சேர்ப்பது நல்லது.

செலவைக் கணக்கிடுவது கடினமல்ல. 2019 ஜூலை முதல் ஊதியத்தில் 3.25 விழுக்காட்டை முதலாளியும் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளியும் செலுத்துகிறார்கள். 16,000 ரூபாய் வாங்கும் ஒன்பது பேரும் 28,000 வாங்கும் ஒரு மேலாளரும் உள்ள பட்டறையில், ஒன்பது பேருக்கு மட்டும் தலைக்கு 520 வீதம் முதலாளியின் பங்கு மாதம் 4,680 ரூபாய். தொழிலாளர் பங்காக 120 வீதம் 1,080 ரூபாய் பிடித்தம் செய்து இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். சம்பளத்தைப் படிகளாகப் பிரித்துக் காட்டிக் குறைக்கலாம் என்ற வழியும் இப்போது அடைபட்டிருக்கிறது: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும்.

கடமை தொடங்கிய பதினைந்து நாளுக்குள் ஈ.எஸ்.ஐ. கழகத்தின் இணையதளத்தில் பதிவு செய்து நிறுவனத்துக்கான குறியீட்டு எண்ணைப் பெறுவதே நெடுநாள் நடைமுறை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலைக்கு வந்த நாளிலேயே காப்பீட்டு எண் வாங்கிவிடுங்கள். பதிவாவதற்கு முன் விபத்து நேர்ந்தால் கழகம் கொடுக்கும் பலனின் செலவை முதலாளியிடமிருந்தே வசூலிக்கலாம். ஒவ்வொரு மாதத்துப் பணமும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. பங்களிப்புக் காலத்தின் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) நடுவில் ஒருவரின் ஊதியம் 21,000-ஐத் தாண்டினால், அந்தக் காலம் முடியும் வரை அவருக்கும் பணம் கட்டியே ஆக வேண்டும்.

தனியார் நிறுவனத்திடம் எடுத்த குழுக் காப்பீடு ஈ.எஸ்.ஐ.-க்குப் பதிலாகாது. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு அதை வாங்கிக் கொடுப்பது பொருத்தமானது. பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள், பெரும்பான்மைத் தொழிலாளர்களின் சம்மதத்தோடு தாமாகவே திட்டத்தில் சேரவும் புதிய சட்டத்தில் வழி இருக்கிறது.