பழைய படத்தை ஜிக்சா புதிராக்கும்போது செய்யக் கூடாதவை

புத்தகத்தில் வரும் பழைய படத்தை அரை நிமிடம் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அதே படம் துண்டு துண்டாக வெட்டி மீண்டும் பொருத்தும் ஜிக்சா புதிராக வந்தால், சேர்ப்பவர் அதன் மூலை முடுக்கெல்லாம் மணிக்கணக்கில் பார்க்கிறார். வரலாற்றுப் படத்துக்கு இதைவிட நல்ல வாசகர் கிடைப்பது அரிது. அதனாலேயே, படத்தைத் தயாரிப்பவர் விடும் பிழைகள் ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

பிழை பெரும்பாலும் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்த புகைப்படங்கள் அற்புதமானவை. ஆனால் அக்காலத்து நெகட்டிவ்கள் நீல ஒளியையே மிகுதியாக வாங்கும். கோபுரத்துச் சிற்பங்கள் தெளிவாகப் பதிவாவதற்குள் வானம் வெறும் வெளுப்பாகிவிடும். அப்படிப்பட்ட காட்சியை 1000 துண்டுகளாக்கினால், முந்நூறு துண்டுகள் ஒரே வெளிர்நிறத்தில் வந்து நிற்கும். தூண்களோ சிற்பங்களோ சட்டம் முழுக்க நிறைந்த படத்தை எடுங்கள். புரூகல் 1560இல் வரைந்த சிறுவர் விளையாட்டுகள் ஓவியம் புதிருக்கென்றே பிறந்தது போல் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு விளையாட்டில் இருப்பதால், எந்தத் துண்டை எடுத்தாலும் அதில் ஏதாவது நடந்துகொண்டிருக்கும்.

அடுத்தது கோப்பின் அளவு. 1000 துண்டுப் புதிர் ஏறத்தாழ 70 × 50 செ.மீ. இருக்கும். அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் படம் சுமார் 8,270 × 5,900 பிக்சல் இருக்க வேண்டும். பாதி இருந்தாலும் சமாளிக்கலாம். இணையத்தில் கண்ணில் பட்ட 1,600 பிக்சல் அகலப் படத்தை அனுப்பினால், ஒரு துண்டின் அகலத்துக்கு நாற்பது பிக்சல்தான் கிடைக்கும். முகம் கறையாகிவிடும். வீட்டில் உள்ள 10 × 15 செ.மீ. புகைப்படமென்றால் அங்குலத்துக்கு 1,200 பிக்சல் வீதம் ஸ்கேன் செய்யுங்கள். அசல் படத்தையே அட்டையில் ஒட்டி வெட்டுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

பிக்சல் போதவில்லை என்று செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கொடுப்பதுதான் இன்று நான் அதிகம் அஞ்சும் தவறு. மங்கலான இடத்தில் என்ன இருந்தது என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. அது ஊகித்து நிரப்புகிறது. குழுப் படத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கு வேறு யாருடைய மூக்கோ வந்துவிடும். கல்வெட்டு எழுத்துகள் தமிழ் போலவே வளைந்து நெளியும், ஆனால் ஓரெழுத்தும் படிக்க வராது. தெளிவில்லாத அசலைச் சிறிய அளவில் 200 துண்டுகளாக அச்சிடுவது எவ்வளவோ மேல்.

ஓரத்தை வெட்டுவதிலும் கவனம் வேண்டும். ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ 1642இல் வரையப்பட்டது. 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றச் சுவரில் பொருத்துவதற்காக நான்கு பக்கமும் நறுக்கினார்கள். இடது ஓரத்தில் இருந்த உருவங்கள் அதோடு போயின. புதிர் அட்டையின் நீள அகலத்துக்குப் படம் பொருந்தவில்லை என்று ஓரத்தைக் கழிப்பவரும் அதையேதான் செய்கிறார். படத்தை முழுமையாக வைத்து, மிஞ்சும் இடத்தை ஒற்றை நிறக் கரையாக விடுங்கள். அட்டையைத் துண்டுகளாக வெட்டும் அச்சு ஓரிரு மில்லிமீட்டர் நகரக்கூடும் என்பதால் விளிம்பை ஒட்டி மெல்லிய கோடு போடவேண்டாம். அது கோணலாகத் தெரியும்.

இடவலம் மாறிய படங்களும் உண்டு. அமெரிக்கக் கொள்ளைக்காரர் பில்லி தி கிட்டை 1880 வாக்கில் உலோகத் தகட்டில் எடுத்த புகைப்படத்தை அப்படியே அச்சிட்டு வந்ததால், அவர் இடக்கைக்காரர் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அந்த வகைப் படம் கண்ணாடிப் பிம்பம் போலத்தான் விழும். கையிலிருந்த வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா நுழைக்கும் வாய் எதிர்ப்பக்கத்தில் இருந்ததே உண்மையைக் காட்டிக்கொடுத்தது. நம் ஊர்ப் படமென்றால் பலகை எழுத்தைப் பாருங்கள், பூணூல் எந்தத் தோளில் கிடக்கிறது என்று பாருங்கள்.

வரைபடங்களுக்குத் தனிக் கணக்கு. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி மரப்பலகையில் வரைபடத்தை ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்தார். பிள்ளைகள் நாடுகளைக் கையில் எடுத்துப் பொருத்திப் படித்தார்கள். இன்றைய வெட்டும் அச்சு எல்லையைப் பார்த்து வெட்டாது. புவியியல் கற்பிக்க வேண்டுமானால் லேசர் வெட்டும் கடையில் எல்லைக்கோட்டைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள்.

எல்லாப் படமும் புதிருக்கு உரியதல்ல. 1876–78 சென்னை மாகாணப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வில்லோபி ஹூப்பர் படமெடுத்தார். அந்தப் படங்களை நாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த உடல்களைத் துண்டாக்கிப் பொழுதுபோக்காகச் சேர்க்கக் கொடுப்பது தகாது. கைதிகள், சடலங்கள், கட்டாயப்படுத்தி நிற்கவைக்கப்பட்டவர்கள் இருக்கும் படங்களுக்கும் இதே முடிவுதான்.

விற்பதாக இருந்தால் உரிமையை முன்கூட்டியே பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். அது முடிந்திருந்தாலும் கோப்பைத் தரும் நிறுவனத்தின் நிபந்தனை வேறாக இருக்கலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் உரிமைக்காலம் முடிந்த படைப்புகளின் கோப்புகளை விற்பனைக்கும் தடையின்றித் தருகிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. எடுத்தவர் பெயர், ஆண்டு, இடம், அசல் இருக்கும் நிறுவனம் ஆகியவற்றைப் பெட்டியில் மட்டும் போடாமல், முன்பு சொன்ன கரையிலும் அச்சிடுங்கள். பெட்டி கிழிந்து போனாலும் விவரம் படத்தோடு இருக்கும்.